இடது கை மிருதங்கம்

குழந்தைகளே! சினிமாப் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டிருப்பீர்கள். பாடுபவரின் குரலுக்கு அடியில் 'தும்... தும்...' என்று கனமான ஒரு நாதம் வரும். அது பேஸ் கிதார். அதை வாசிப்பவரைப் பலருக்குத் தெரியாது. அவரோ ஊர் ஊராகப் போய் மற்றவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பார். கர்நாடக இசையில் இப்படிப்பட்டவர்களைப் பக்கவாத்தியக்காரர் என்பார்கள். அவர்களில் ஒரு மேதை, நம் தேனி மாவட்டத்துப் பக்தர்கள் பாதயாத்திரை போகும் பழனியில் 1908-ஆம் ஆண்டு பிறந்தார். அவர்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை.

தந்தை முத்தையா பிள்ளையும் லய வித்வான். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். வீடு முழுக்கத் தாளம்தான். ஆனால் மகனுக்கு இடது கைப் பழக்கம்!

அதனால் என்ன என்கிறீர்களா? கச்சேரி மேடையை நினைத்துப் பாருங்கள். பாடகர் நடுவில் இருப்பார். அவருக்கு இடப்பக்கம் பிடில், வலப்பக்கம் மிருதங்கம். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்து உட்காருவார். அப்போது அவர் வலது கையால் வாசிக்கும் 'வலந்தலை' என்ற பக்கம் சபையை நோக்கி இருக்கும். இடது கைக்காரர் அங்கே உட்கார்ந்தால் வலந்தலை பின்பக்கம் போய்விடும். ஆகவே பிடில்காரர் எழுந்து இடம் மாற வேண்டும். மாறினால் வில் பிடித்த கை சபைப் பக்கம் வந்து பிடிலை மறைக்கும். பிடில்காரர்கள் சிலர் மறுத்தார்கள். கை நிறைய வித்தை இருந்தும் கச்சேரி கிடைப்பது கஷ்டமாயிற்று.

(என் வகுப்பிலும் இடது கைப் பிள்ளைகள் இருந்தார்கள். பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்துவிடுவேன். முழங்கை இடிக்காது, சண்டையும் வராது. அவ்வளவுதான் வேலை! மேடையில் அதைச் செய்ய ஒரு பெரிய மனிதர் வரவேண்டியிருந்தது.)

அவர் செம்பை வைத்தியநாத பாகவதர். அந்நாளில் அவர் பெரிய பாடகர். தம் கச்சேரிகளில் இளைஞர் சுப்பிரமணிய பிள்ளையை இடப்பக்கம் உட்கார வைத்தார். பிடிலை வலப்பக்கம் மாற்றினார். ஒரு தடவை அல்ல, பல தடவை. கேட்டவர்கள் வியந்தார்கள். பிறகு மதுரை மணி ஐயர், ஜி.என்.பாலசுப்பிரமணியம், ஆலத்தூர் சகோதரர்கள் என்று பெரிய வித்வான்கள் பலருக்கும் அவர் வாசித்தார்.

அவர் வாசிப்பில் அப்படி என்ன சிறப்பு? மிருதங்கத்தின் மறுபக்கத்துக்குத் 'தொப்பி' என்று பெயர். கச்சேரிக்கு முன் அதில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். அப்போது நாதம் கனமாகும். மணிக்கட்டை அழுத்தி நகர்த்தினால் புறா குமுறுவதுபோல ஓர் ஒலி எழும். அதுதான் 'கும்கி'. மற்றவர்கள் இடது கையால் செய்ததை இவர் வலது கையால் செய்தார். தொப்பியில் இவ்வளவு இனிமையா என்று ரசிகர்கள் சொக்கிப் போனார்கள். பாட்டு மெதுவாகப் போகும்போது இவர் அதிகம் தட்டவே மாட்டார். எந்த இடத்தில் சும்மா இருப்பது என்று தெரிந்தவர். என்னைக் கேட்டால், அதுதான் இருப்பதிலேயே கடினமான பாடம்.

பாலக்காடு மணி ஐயர் இவருக்குச் சமகாலத்து மேதை. இருவரும் மிருதங்கத்தில் போட்டியாளர்கள் என்று ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டார்கள். ஆனால் மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, இவர் பக்கத்தில் கஞ்சிரா வாசித்த மேடைகளும் உண்டு.

சென்னை மியூசிக் அகாடமி தரும் 'சங்கீத கலாநிதி' பட்டம் மிருதங்க வித்வான் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1966-இல். அதைப் பெற்றவர் மணி ஐயர். சுப்பிரமணிய பிள்ளை அதற்கு 4 ஆண்டுகள் முன்பே, 1962-இல், காலமாகிவிட்டார்.

அவருடைய கச்சேரி ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அவரிடம் படித்த சீடர் திருச்சி சங்கரன், 1971-இல் கனடா நாட்டின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். பழனிக்காரரின் பாடங்களை டொராண்டோ நகரத்து மாணவர்களும் தட்டிப் பழகினார்கள்.