ஊரைச் சுமந்து சென்ற ஓவியர்

வீட்டை இழந்தோர் பலர். நாட்டை இழந்தோரும் பலர். இழந்ததை வண்ணத்தால் மீட்டு உலகுக்கு அளித்தோர் ஒரு சிலரே. அவருள் ஒருவர் மார்க் சகால்.

இன்று பெலருஸ் நாட்டிலுள்ள விடெப்ஸ்க் நகரம் அன்று ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்தது. அந்நகரை அடுத்து, 1887ஆம் ஆண்டில், எளிய யூதக் குடும்பத்தின் ஒன்பது மக்களுள் மூத்தவராகச் சகால் பிறந்தார். தந்தையார் மீன் பீப்பாய்களைச் சுமந்து பொருள் ஈட்டினார். அன்னையார் சிறு மளிகைக் கடை நடத்தினார். யூதருள் பெரும்பாலோர் பேரரசின் மேற்குப் பகுதியில் மட்டுமே குடியிருக்கலாம் என்பது அன்றைய சட்டம். தலைநகரில் தங்கி ஓவியம் பயிலச் சகாலுக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது.

1910இல் அவர் பாரிஸ் சென்றார். உடல் பாரிஸில் இருந்தது. உள்ளமோ விடெப்ஸ்கை விட்டு அகலவில்லை. மரவீடுகளும் பசுக்களும் கூரைமேல் நின்று பிடில் வாசிப்போரும் அவர் ஓவியங்களில் உலவினர். 1914இல் ஊர் திரும்பியவரைப் போர் அங்கேயே நிறுத்தியது. மறு ஆண்டு பெல்லா என்னும் நங்கையை மணந்தார். காதலர் இருவர் ஊருக்கு மேலே வானில் மிதக்கும் அவருடைய ஓவியம் உலகப் புகழ் பெற்றது. புரட்சிக்குப்பின் விடெப்ஸ்கில் கலைப்பள்ளி ஒன்றை நிறுவினார். ஆயினும் கருத்து வேற்றுமையால் அதைத் துறந்து, 1922இல் ரஷ்யாவை விட்டே வெளியேறினார்.

ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். 1937இல் மியூனிக் நகரில், சீர்கெட்ட கலை என்று இகழ்ந்து அவர்கள் காட்சிக்கு வைத்தவற்றுள் சகாலின் ஓவியங்களும் இருந்தன. மறு ஆண்டு அவர் தீட்டிய விடை வெள்ளைச் சிலுவை ஓவியம். நடுவே சிலுவையில் இயேசு. அவர் இடையில் யூதர் வழிபாட்டின்போது போர்த்தும் ஆடை. சுற்றிலும் வீடுகள் எரிகின்றன. தொழுகைக் கூடம் பற்றி எரிகிறது. அகதிகள் ஓடத்தில் தத்தளிக்கின்றனர். ஒருவர் திருமறைச் சுருளை அணைத்தபடி ஓடுகிறார். தாம் வணங்கும் இயேசுவும் யூதரே என்பதை மறந்துவிட்ட ஐரோப்பாவுக்கு அவ்வோவியம் அதனை நினைவூட்டியது.

பிரான்ஸும் வீழ்ந்தது. 1941இல் மார்சேல் நகரில் சகால் கைதானார். வேரியன் ஃபிரை என்னும் அமெரிக்கரின் முயற்சியால் விடுதலை பெற்று நியூயார்க் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே விடெப்ஸ்கைக் கைப்பற்றிய நாஜிகள் அங்கிருந்த யூதரை ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தனர். 1944இல் பெல்லாவும் மறைந்தார். பல மாதங்கள் அவர் தூரிகையைத் தொடவில்லை.

1948இல் பிரான்ஸுக்குத் திரும்பினார். 1973இல் மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் சென்றவர், விடெப்ஸ்குக்கு மட்டும் செல்லவில்லை. நெஞ்சில் வாழும் ஊரைக் கண்ணால் காண அஞ்சினார் போலும்!

யூத இனத்தையே அழிக்க முற்பட்ட ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், புனித ஸ்டீபன் தேவாலயம் போரில் சிதைந்து மீண்டும் எழுப்பப்பட்டிருந்தது. அதற்கு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வேண்டினர். சகால் மறுக்கவில்லை. முதற் சாளரம் 1978இல் பொருத்தப்பட்டபோது அவருக்கு வயது 91. யூதருக்கும் கிறித்தவருக்கும் பொதுவான மறைக்கதைகளையே அதில் வரைந்தார். ஒன்பது சாளரங்களை அக்கோயிலுக்கு அளித்து, 1985இல், 97ஆம் வயதில் கண் மூடினார்.

துரத்தப்பட்டவர் துரத்திய நாட்டுக்குத் தந்த நீல ஒளி அச்சாளரங்களின் வழியே இன்றும் உள்ளே பாய்கிறது. வெறுப்புக்கு வெறுப்பு மருந்தாகாது என்பதை அவர் வாயால் உரைக்க வேண்டியதில்லை, அவ்வொளியே உரைக்கின்றது.