உபதேசியார் புனித பேதுரு தோ ரோத்

நமது பங்கின் யூபிலி மலரில் புனிதர் ஒருவரின் வரலாறு இடம்பெற வேண்டும் என்று மலர்க்குழுவினர் விரும்பினர். புனிதர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பீடத்தில் நாம் வைத்திருக்கும் சுரூபங்களை எண்ணிப் பார்த்தால், துறவிகள், கன்னியர்கள், ஆயர்கள், குருக்கள் என்றே பெரும்பாலும் காண்கிறோம். மனைவி மக்களோடு வாழ்ந்து, தோட்டத்தில் உழைத்து, மாலையில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து, அந்த வேலைக்காகவே உயிரையும் கொடுத்த ஒருவரைக் காண்பது அரிது. அப்படிப்பட்ட ஒருவர் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் உரோமை நகரில் பதினான்காம் லியோ பாப்பரசரால் புனிதர் பட்டம் பெற்றார். அவர்தான் பேதுரு தோ ரோத். உபதேசியார் வேலை பார்த்தவர்.

சென்ற தலைமுறையில் உபதேசியார் என்ற சொல்லை அறியாதவர் நம் பங்குகளில் இல்லை. சுவாமியார் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே வந்துபோன ஊர்களில் ஞாயிறு செபத்தை நடத்தியவரும், சாகக் கிடந்தவர்களின் தலைமாட்டில் நின்றவரும், அவசர ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவரே. இன்று வீட்டுக்கு வீடு சைக்கிளும் மோட்டார் வண்டியும் வந்துவிட்ட பிறகு, அந்த மனிதரை நாம் மெல்ல மறந்துவிட்டோம். தோ ரோத்தின் கதையைக் கேட்கும்போது பெரியவர்களுக்கு அந்த நினைவு வரக்கூடும்.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே பப்புவா நியூ கினி நாடு இருக்கிறது. அதைச் சேர்ந்த நியூ பிரிட்டன் தீவில் ரபவுல் என்ற துறைமுகப் பட்டினமும், அதற்கு அருகில் ரகுனாய் என்ற சிற்றூரும் உள்ளன. அங்கு வாழும் மக்கள் தோலாய் இனத்தவர். ஆண்களின் பெயருக்கு முன் தோ என்றும், பெண்களின் பெயருக்கு முன் இயா என்றும் சேர்த்துச் சொல்வது அவர்கள் வழக்கம். 1882-இல்தான் இயேசுவின் திரு இருதய சபைக் குருக்கள் அத்தீவில் காலடி வைத்தனர். ரகுனாயின் ஊர்த்தலைவரான ஆஞ்சலோ தோ புயாவும் அவர் மனைவி மரியா இயா துமுலும் வளர்ந்த பின் ஞானஸ்நானம் பெற்ற முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய ஆறு பிள்ளைகளில் மூன்றாமவராக 1912-இல் பேதுரு பிறந்தார்.

தலைவர் வீட்டுப் பிள்ளை என்பதற்காக அவர் சும்மா இருந்ததில்லை. வயதானவர்களுக்காகத் தென்னை மரம் ஏறி இளநீர் பறித்துக் கொடுப்பார். பங்குக்குருவாயிருந்த கார்ல் லவுஃபர் சுவாமி, இந்தப் பையன் குருமடத்துக்கு ஏற்றவன் என்று தகப்பனாரிடம் சொன்னார். தோ புயா மறுத்துவிட்டார். தங்கள் தலைமுறை இப்போதுதான் வேதத்துக்கு வந்திருக்கிறது, குருவாவதற்குக் காலம் இன்னும் கனியவில்லை, பேரப்பிள்ளைகள் காலத்தில் வேண்டுமானால் ஆகலாம், ஆனால் உபதேசியாராக அனுப்பத் தடையில்லை என்பது அவர் கருத்து. பிள்ளையைக் குருமடத்துக்குக் கொடுக்க மனமில்லாமல் சாக்குச் சொல்லும் பெற்றோரை நான் அறிவேன். தோ புயா அந்த இனத்தைச் சேர்ந்தவர் அல்லர். பொறுமையாக எண்ணிப் பார்த்துச் சொன்ன பதில் அது.

1930-இல் தலிலிகாப் என்னும் ஊரிலிருந்த புனித பவுல் உபதேசியார் பள்ளியில் பேதுரு சேர்ந்தார். அங்கே பாடம் படிப்பதோடு தோட்ட வேலையும் உண்டு. 1933-இல் உபதேசியார்களுக்குரிய சிலுவையை ஆயரிடமிருந்து பெற்றுக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்பினார். அப்போது அவருக்கு வயது 21. பிறந்த ஊரில், தன்னைக் குழந்தையாகப் பார்த்தவர்களுக்கு நடுவில், போதிப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த வேலை செய்தவர்களே அறிவார்கள். அவர் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சிறு சிறு கூட்டங்களாகச் சேர்த்துப் போதித்தார். வேதாகமத்தை எப்போதும் கையோடு எடுத்துச் செல்வார். கேட்பவர்களுக்கு அதைத் திறந்தே காட்டுவார். அக்காலத்தில் அது பலரும் செய்யாத காரியம். யாருக்கு வீட்டில் சண்டை, யார் பூசைக்கு வரவில்லை, யார் நோயாய்க் கிடக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1936-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் பவுலா இயா வர்பித் என்ற பெண்ணைக் கோவிலில் மணமுடித்தார். தோலாய் மக்களின் முறைப்படி பெண் வீட்டாருக்குச் சங்குக் காசும் கொடுக்கப்பட்டது. சிறு சங்குகளைப் பிரம்பு நாரில் கோத்து, முழம் போட்டு அளந்து கொடுக்கும் பணம் அது. பவுலாவும் உபதேசியார் பள்ளியில் நடந்ததைப் போலவே காலையும் மாலையும் கணவரோடு சேர்ந்து செபித்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. பெரிய விசேஷம் ஒன்றும் சொல்வதற்கில்லாத குடும்பம். இப்படியே நாற்பது ஆண்டு வாழ்ந்து மறைந்திருந்தால் ரகுனாய்க்கு வெளியே அவர் பெயர் தெரிந்திராது.

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை ரபவுலைப் பிடித்தது. குருக்களும் கன்னியரும் காவலில் வைக்கப்பட்டனர். லவுஃபர் சுவாமி போகுமுன் பங்கைத் தோ ரோத்தின் பொறுப்பில் விட்டுச் சென்றார். முப்பது வயதுக் குடும்பஸ்தர் ஒருவரின் தோளில் ஒரு பங்கு முழுவதும் வந்து விழுந்தது.

அவரால் பூசை வைக்க முடியாது. பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. அவஸ்தைப்பூசுதல் கொடுக்க முடியாது. மற்றதையெல்லாம் செய்தார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபித்தார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். காவலிலிருந்த குருக்களிடம் எப்படியாவது போய்த் திவ்விய நற்கருணையை வாங்கிவந்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். திருமணங்களுக்குச் சாட்சியாய் நின்றார். இதில் சிலருக்குச் சந்தேகம் எழலாம்: குருவில்லாமல் கலியாணம் செல்லுமா? அன்று நடைமுறையிலிருந்த 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஒரு மாத காலத்துக்குக் குருவானவர் கிடைக்கமாட்டார் என்று தெரிந்தால், சாட்சிகளின் முன்னிலையில் மட்டும் செய்யும் திருமணமும் செல்லும் என்றே விதித்திருந்தது. ஞானஸ்நானம், திருமணம் எல்லாவற்றையும் அவர் கவனமாகப் பதிவேட்டில் எழுதிவைத்தார். குண்டு விழும் காலத்தில் கணக்கு எதற்கு என்று தோன்றும். யாருக்கு யார் கணவன், யாருக்கு யார் மனைவி என்று எழுதிவைத்த அந்த ஏடு எவ்வளவு அவசியமானது என்பது சீக்கிரமே தெரிந்தது.

ஊர்க்கோவில் இடிக்கப்பட்டபோது காட்டுக்குள் மரக்கிளைகளால் ஒரு கோவில் கட்டினார். போர் ஜப்பானியருக்குப் பாதகமாகத் திரும்பத் திரும்ப, கெடுபிடி கூடியது. 1944-இல் செபக்கூட்டங்கள் முற்றிலும் தடைசெய்யப்பட்டன. அதன் பிறகு விமானக் குண்டுகளுக்குப் பயந்து தோண்டிய குகைகளில், இரவில், சிறு கூட்டமாகச் செபம் நடந்தது.

அடுத்து வந்ததுதான் பெரிய சோதனை. ஊர்த்தலைவர்களைத் தம் பக்கம் இழுக்க எண்ணிய ஆட்சியாளர்கள், பழைய வழக்கப்படி ஒருவன் இரண்டு மூன்று மனைவியரை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். பலருக்கு அது இனித்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களே இரண்டாம் பெண்ணைத் தேடினார்கள். தோ ரோத் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார். கோவிலில் நடந்த திருமணம் திருமணமே என்று எல்லார் முன்னிலையிலும் வாதாடினார். உடன்பிறந்த சகோதரர் ஒருவரே பழைய வழக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பேசியபோது, அவரையும் வெளிப்படையாக எதிர்த்தார். மறுமணம் செய்துகொண்ட இன்னொரு சகோதரர் ஆட்சியாளரிடம் அவரைக் காட்டிக்கொடுத்தார். ஜப்பானியரிடம் பணிசெய்த உள்ளூர்க் காவலன் ஒருவன், வேறொருவனுக்கு மனைவியான பெண்ணின்மேல் ஆசைப்பட்டான். உபதேசியார் குறுக்கே நின்றார். அவன் பகை அவரைச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டது.

பவுலாவின் நிலையை இங்கே நினைக்க வேண்டும். புனிதர் வரலாறுகளில் மனைவியரைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுக் கடந்துபோவது வழக்கம், அது நியாயமல்ல. கணவர் பிடிவாதமாயிருந்தால் குடும்பம் அழியும் என்று அவர் பயந்தார், அதை மறைக்கவுமில்லை. அவர் பயத்தில் தவறு என்ன? திருமணத்தின் மேன்மைக்காகப் போராடும் மனிதர் தம் மனைவியை விதவையாக்கிவிட்டுப் போகலாமா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. எளிதில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது.

1945-இல் தோ ரோத்துக்கு இரண்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வூனயாரா என்ற இடத்தில் அடைக்கப்பட்டார். வயதான தாயாரும் பவுலாவும் சோறு கொண்டுபோய்க் கொடுத்து வந்தனர். இரண்டு சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மூன்றாவதை வயிற்றில் சுமந்துகொண்டு பவுலா ஒருநாள் வந்தார். இனி உபதேசியாராக இருக்கமாட்டேன் என்று ஜப்பானியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடும்படி மன்றாடினார். அவர் கோபிக்கவில்லை. இது தம் கடமை, மக்களுக்காகச் சாக வேண்டுமானாலும் அது நல்லதே என்ற பொருளில் பதில் சொல்லிச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

தண்டனைக் காலம் முடிய அதிக நாள் இல்லாதபோது, ஜப்பானிய மருத்துவர் ஒருவர் வந்து மருந்து கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். தமக்கு நோய் ஒன்றுமில்லை என்பது தோ ரோத்துக்குத் தெரியும். தாயாரிடம் அதைச் சொன்னார். உபதேசியார் சிலுவையையும் செபமாலையையும் நல்ல உடையையும் கொண்டுவரும்படி மனைவியிடம் கேட்டார். ஆண்டவர் முன் போகும்போது ஒழுங்காக உடுத்திப் போக வேண்டும் என்று எண்ணினார் போலும். பவுலா கொண்டுவந்து கொடுத்தார். எந்த மனதோடு கொண்டுவந்திருப்பார்!

அன்றிரவு மற்றக் கைதிகளை அப்புறப்படுத்தினார்கள். குடிக்க மருந்து கொடுத்து, ஊசியும் போட்டார்கள். பிறகு உடலைப் பார்த்தவர்கள் கையில் ஊசி குத்திய தடத்தையும், காதிலும் மூக்கிலும் பஞ்சு அடைத்திருந்ததையும் கண்டார்கள். நோயால் இறந்தார் என்று சொல்லப்பட்டதை ஊரில் யாரும் நம்பவில்லை. 1945 ஜூலை 7-ஆம் நாள் அவருடைய திருநாளாகக் கொண்டாடப்படுகிறது.

உடலை உறவினர்கள் ரகுனாய்க்குத் தூக்கி வந்தனர். ஜப்பானியர் பார்த்துக்கொண்டிருந்ததால் வேதச் சடங்கு எதுவும் செய்ய முடியவில்லை. குருவில்லை, மணி அடிக்கவில்லை, பாட்டுப் பாடவில்லை. ஆனாலும் மக்கள் பெருங்கூட்டமாக வந்துவிட்டார்கள். ஊர்த்தலைவர்களுக்குரிய மரியாதையோடு, கோவில் அருகிலிருந்த கல்லறையில் பேசாமல் அடக்கம் செய்தார்கள். ஐந்து வாரம் சென்றதும் ஆகஸ்டு 15-ஆம் நாள் போர் முடிந்தது. செப்டம்பரில் ஆஸ்திரேலியப் படையினர் வந்து, ராமாலேப் பள்ளத்தாக்கில் காவலிலிருந்த குருக்களையும் கன்னியரையும் விடுவித்தனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995 ஜனவரி 17-ஆம் நாள், இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் அந்நாட்டின் தலைநகரான போர்ட் மோர்ஸ்பிக்கு வந்து அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். ரகுனாய்க் கல்லறைக்கு இன்றும் திருயாத்திரிகர்கள் போய்வருகிறார்கள்.