குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் உள்ளது அலபாமா மாநிலம். அங்கே, பிறர் நிலத்தில் பயிரிட்டு, விளைவிற் பங்கு கொடுத்து வாழ்ந்த கறுப்பினக் குடும்பம் ஒன்றில், 1914ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் ஜோ லூயிஸ் பிறந்தார். மக்கள் எண்மருள் அவர் ஏழாமவர். 1926இல் அக்குடும்பம் வடக்கேயுள்ள டெட்ராய்ட் நகரிற் குடியேறியது. மைந்தனை இசைவாணனாக்க விரும்பிய அன்னையார், வயலின் கற்பதற்கெனப் பொருள் கொடுத்தார். அப்பொருளோ குத்துச்சண்டைக் கூடத்திற்குச் சென்றது!

1934இல் லூயிஸ் குத்துச்சண்டையையே தொழிலாகக் கொண்டார். ஜாக் பிளாக்பர்ன் என்னும் பழைய வீரர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். மேடையில் துள்ளுதலும் சுற்றி ஓடுதலும் லூயிசிடம் இல்லை. பாதங்களைத் தரையினின்று மிகுதியாக உயர்த்தாமல், தேய்த்து நகர்ந்து எதிரியை நெருங்குவார். கையை ஓங்கி வீசுவதும் அவர் வழக்கமன்று. அவருடைய குத்துகள் பல, சில அங்குலத் தொலைவே செல்வன. ஆயினும், காலில் ஊன்றிய வலிமை இடுப்பின் வழியே ஏறித் தோளிற் சேர்ந்து முட்டியில் வெளிப்படுதலால், அக்குறுங்குத்துக்கே பெருவீரரும் சாய்ந்தனர். முதலில் இடக்கை நேராக நீண்டு எதிரியின் முகத்தைத் தாக்கும். அவர் நிலைகொள்ளுமுன் வலக்கை பாயும். மீண்டும் இடக்கை வரும்.

இத்துணைத் திறமைக்கிடையே ஒரு குறை இருந்தது. இடக்கையால் குத்தியபின், அக்கையைத் தாடையைக் காக்குமாறு உயர்த்தாமல், தாழ்த்தியே மீட்பார். இமைப்பொழுதில் நிகழும் இப்பிழையை, அவருடைய முந்திய போட்டிகளின் திரைப்படங்களைக் கூர்ந்து நோக்கிய ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் கண்டுகொண்டார். 1936 ஜூன் 19ஆம் நாள் நியூயார்க்கில் இருவரும் பொருதனர். இடக்கை தாழும்தோறும் ஷ்மெலிங்கின் வலக்கை லூயிசின் தாடையிற் பாய்ந்தது. பன்னிரண்டாம் சுற்றில் லூயிஸ் வீழ்ந்தார். அவருடைய தொழில் வாழ்வில் அதுவே முதல் தோல்வி.

லூயிஸ் சோர்ந்திலர். பிளாக்பர்னின் கண்காணிப்பில் அக்குறையைக் களைய முயன்றார். 1937இல் ஜேம்ஸ் பிராடக்கை வென்று மிகு எடைப் பிரிவின் உலகப் பட்டத்தைப் பெற்றார். எனினும், ஷ்மெலிங்கை வெல்லும்வரை அப்பட்டம் நிறைவுடையதாக அவருக்குத் தோன்றவில்லை.

1938 ஜூன் 22ஆம் நாள், ஏறத்தாழ எழுபதாயிரவர் திரண்டிருந்த அரங்கில் இருவரும் மீண்டும் எதிர்நின்றனர். ஹிட்லரின் ஆட்சியினர் ஷ்மெலிங்கைத் தம் இன உயர்வுக்குச் சான்றாகப் பறைசாற்றியிருந்தனர். ஷ்மெலிங்கோ அவர்தம் கட்சியிற் சேராதவர். தென்மாநிலங்களில் வாக்குரிமையும் மறுக்கப்பட்டிருந்த இனத்தவர் ஒருவரை, அமெரிக்கா அன்று தன் மானங்காக்கும் வீரராகக் கொண்டாடியது விந்தையே. லூயிஸ் இம்முறை காத்திருக்கவில்லை. குத்துகள் மழையெனப் பொழிந்தன. மும்முறை வீழ்ந்தார் ஷ்மெலிங். 2 நிமிடம் 4 நொடியில் எல்லாம் முடிந்தது.

பட்டம் பெற்றது முதல் 1949இல் தாமாகவே விலகும்வரை, 25 போட்டிகளில் லூயிஸ் தம் பட்டத்தைக் காத்தார். 1942இல் படையிற் சேர்ந்த அவர், இரு போட்டிகளிற் கிடைத்த தம் ஊதியத்தைப் போர்வீரர் உதவி நிதிகளுக்கு வழங்கினார். வள்ளன்மை மிக்க அவரை வருமான வரிக்கடன் நெருக்கியது. அதன்பொருட்டு மீண்டும் மேடையேறியவர், 1950இல் எஸார்ட் சார்லசிடமும், 1951இல் ராக்கி மார்சியானோவிடமும் தோற்றார்.

1981 ஏப்ரல் 12ஆம் நாள் லூயிஸ் மறைந்தார். ஆர்லிங்டனில் உள்ள தேசிய வீரர் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார். அதற்கான செலவில் ஒரு பகுதியை ஏற்றவர், போருக்குப்பின் அவர்க்கு உற்ற நண்பராகிவிட்ட ஷ்மெலிங்.