பேராதனைப் பேராசிரியர் வில்சன்

ஹட்டனுக்கு ஏறும் புகையிரதம் பேராதனையைக் கடந்தே வருகிறது. அங்குள்ள சர்வகலாசாலையில் அரசியல் விஞ்ஞானத்துக்கு முதற் பேராசிரியராய் அமர்ந்தவர் காலஞ்சென்ற ஏ. ஜெயரத்தினம் வில்சன் அவர்கள். 1928 இல் பிறந்த அன்னார், 1972 இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் சர்வகலாசாலைக்குச் சென்றார். அரசியலமைப்பு ஆராய்ச்சியே அவரது ஆயுட்பணி.

மலைநாட்டார் அவரை நினைக்கத் தனிக் காரணம் உண்டு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதையொட்டி வந்த வாக்குரிமைத் திருத்தமும் நம்மவரை நாடற்றோராக்கின. 1952 இல் ஓர் ஆசனமும் இல்லை. இந்த அநீதி பற்றிய பிணக்கிலே தமிழ்க் காங்கிரஸைப் பிரிந்து, 1949 இல் தமிழரசுக் கட்சியை நிறுவியவர் செல்வநாயகம். அவருடைய மருமகனே வில்சன். மாமனாரின் அரசியல் வாழ்வை 1994 இல் நூலாக எழுதினார்.

1978 முதல் 1983 வரை ஜனாதிபதி ஜயவர்த்தனாவுக்கு ஆலோசகராகி, அவருக்கும் தமிழ்த் தலைவர்களுக்கும் இடையே தூது நடந்தார். ஏட்டை விட்டு அரசவை புகுந்த பண்டிதர் என்று சிலர் குறை கூறுவர். நாம் கூறமாட்டோம். வாசலிலேயே நின்று குறை சொல்வது எளிது. உள்ளே சென்று கேட்பதற்கும் ஒருவர் வேண்டுமே!

1979 ஆணைக்குழுவில் நீலன் திருச்செல்வத்துடன் அவரும் அங்கத்தவர். அதன் பயனாக 1980 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டம் பிறந்தது. 1981 ஜூன் 4 இல் தேர்தல். அதே வாரத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. பிறந்த சபைகளிடம் பணமுமில்லை, அதிகாரமுமில்லை. நுவரெலியா மாவட்டத்துக்கும் ஒரு சபை வந்தது. ஆனால் பிரஜாவுரிமையற்ற தோட்டத்தாருக்கு அதில் வாக்கேது? 1983 ஜூலையில் நுவரெலியாவும் எரிந்தது.

தாம் நம்பி உழைத்தது ஏன் நொறுங்கிற்று என்பதை 1988 இல் வெளியான தம் நூலில் ஒளிவுமறைவின்றி எழுதினார். ஆராய்ச்சியாளருக்கு அதனினும் கடினமான வேலை வேறில்லை.

2000 மே 31 இல் ரொறன்ரோவில் மறைந்தார். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தந்த சட்டம் 2003 இல் வந்தது. பிரதேச சபைப் பணம் தோட்டத்துக்குள் வரத் தடையாய் நின்ற, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, 2018 இலேதான் திருத்தப்பட்டது.