விலாசம் சொல்லாத மாணவர்

கோயம்புத்தூர் கல்லூரியில் அப்போது ஏறக்குறைய நானூறு பேர் படித்தார்கள். பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருந்த மாணவர் யாருடனும் நெருங்கிப் பழகவில்லை. பழகினால் எந்த ஊர், எந்தத் தெரு, வீடு எங்கே என்று கேட்பார்கள். வீடு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது ஒதுங்கி நின்று படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். கலையும் மணி அடித்ததும், கூட வருகிறேன் என்று யாரும் சொல்வதற்கு முன்பே விறுவிறுவென்று வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது சேர்ந்து விளையாட முடியவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு எண்பது வயது வரை போகவில்லை. 1939-ல் எழுதிய ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் இதை மறக்காமல் எழுதியிருக்கிறார்.

அவர்தான் இரட்டைமலை சீனிவாசன். 1859-ல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். சட்டமன்ற உறுப்பினர், வட்டமேசை மாநாட்டுப் பிரதிநிதி, திவான் பகதூர் என்று அவரைப் பற்றிப் பேச எவ்வளவோ உண்டு. நீலகிரிக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது, அந்தப் பெரிய வாழ்க்கை வேலைக்கு வந்து கால் ஊன்றிய இடம் நம் மலை என்பதுதான்.

படிப்பு முடிந்து 1880-களில் அவர் நீலகிரிக்கு வந்தார். வெள்ளைக்காரர்களின் வணிக நிறுவனங்களில் கணக்கர் வேலை. மலை ரயில் அப்போது கிடையாது. ரயில் மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிடும். குன்னூர் வரை ரயில் ஏறியது 1899-ல். உதகைக்கு வந்தது 1908-ல். அதுவரை மாட்டுவண்டியிலோ குதிரைவண்டியிலோதான் மலை ஏற வேண்டும். 1870 முதல் சென்னை மாகாண அரசாங்கமே கோடைக்கு உதகையில் வந்து உட்கார்ந்ததால் ஊர் வளர்ந்துகொண்டிருந்தது. காப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம், வெலிங்டன் பட்டாளம், துரை வீட்டு அடுப்படி, குதிரை லாயம் என்று எங்கும் ஆள் தேவைப்பட்டது. சமவெளிச் சேரிகளிலிருந்து நம் மக்கள் ஏறி வந்தது இந்த வேலைகளை நம்பித்தான்.

மலையில் சாதி இல்லாமல் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் சமவெளிக் கிராமத்தில் ஊர், சேரி என்று நூற்றாண்டுகளாகக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். புதிதாக எழும்பிய மலை நகரத்தில் அந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக விழவில்லை. தலைமுறைக் கணக்காக உன் தாத்தா யார் என்று தெரிந்தவன் பக்கத்தில் இல்லை. கணக்கு எழுதத் தெரிந்தவனுக்குச் சம்பளம் கிடைத்தது. மாதச் சம்பளம் வாங்குகிறவன் பண்ணையாருக்குக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கல்லூரியில் ஒளிந்து திரிந்த இளைஞர் தலை நிமிர்ந்து யோசிக்க இந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. 1887-ல் ரங்கநாயகி அம்மையாரை மணந்து குடும்பஸ்தரானதும் இந்தக் காலத்தில்தான்.

தோட்டத்துக்கு வந்தவர்களின் கதை வேறு. அவர்களுக்கு லைன் வீடு கிடைத்தது. வேலை இருக்கும் வரை வீடு; வேலை போனால் வீடும் போச்சு. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆனால் ஓய்வு பெற்ற பின் எங்கே போவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து டான்டீயில் கொழுந்து பறித்தவர்களுக்கும் அதே கேள்விதான். முப்பது நாற்பது ஆண்டு உழைத்தவர் ஊருக்குள் வாடகை வீடு தேடி வந்தால், அட்வான்ஸ் எவ்வளவு என்ற பேச்சு வருமுன் நீங்க எந்த ஆளுங்க என்ற பேச்சு வந்துவிடுகிறது. சிலர் நேரடியாகக் கேட்பதில்லை. கறி சமைப்பீர்களா, சொந்த ஊரில் எந்தத் தெரு, எந்தக் கோயில் கும்பிடுகிறீர்கள் என்று சுற்றி வளைப்பார்கள். பதில் வந்ததும், மகன் குடிவரப் போகிறான் என்பார்கள். டூலெட் பலகை மட்டும் மறுவாரமும் தொங்கும். சீனிவாசன் மணி அடிக்கும்வரை வெளியே நின்றது இந்தக் கேள்விக்குப் பயந்துதான்.

அவர் இருந்த காலத்தில் நீலகிரியில் இன்னொரு பெரிய மனிதரும் இருந்தார். அயோத்திதாசப் பண்டிதர். சீனிவாசனின் சகோதரி தனலட்சுமியை மணந்தவர், ஆகவே மச்சான் முறை. 1870-களிலேயே இந்த மலையில் அத்வைதானந்த சபையை நடத்தியவர். 1891 டிசம்பரில் உதகையில் மாநாடு கூட்டிப் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றினார். பொதுக் கிணறு குளங்களில் தண்ணீர் எடுக்கும் உரிமை அதில் ஒன்று. பறையன் என்ற சொல்லை இழிவாகப் பயன்படுத்துகிறவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது இன்னொன்று.

மச்சான்கள் இருவருக்கும் கருத்து பிரிந்ததும் இந்தச் சொல்லில்தான். பண்டிதர் அந்தப் பெயரே வேண்டாம், நாம் பூர்வ பௌத்தர்கள் என்று போனார். சீனிவாசன் 1890-ல் மலையிறங்கிச் சென்னைக்குப் போய், மறு ஆண்டே பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் பத்திரிகை ஆரம்பித்தபோது அதற்கு வைத்த பெயர் ‘பறையன்’. நான்கு பக்கப் பத்திரிகை. தொடங்கப் பத்து ரூபாய் செலவு. நானூறு பிரதிகள் இரண்டே நாளில் விற்றுப்போயின. மூன்று மாதத்தில் வாரப் பத்திரிகையாகி, பிறகு சொந்த அச்சுக்கூடமும் வந்து, ஏழு ஆண்டு நடந்தது. சாதி தெரிந்துவிடுமோ என்று வீட்டு விலாசத்தை மறைத்த மாணவர், சாதிப் பெயரையே தலைப்பாக அச்சடித்து விலாசத்தோடு ஊர் ஊராக அனுப்பினார். இருவரில் யார் வழி சரி என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. பயத்தை வெல்வதற்குச் சீனிவாசன் எடுத்த வழி எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் சொல்லின் காயத்தைப் பண்டிதர் உணர்ந்த அளவுக்கு உணர்ந்தவர்கள் குறைவு.

1900-ல் லண்டன் போகக் கப்பல் ஏறியவர் வழியில் ஜான்சிபாரில் தங்க நேர்ந்தது. அங்கிருந்து தென்னாப்பிரிக்கா. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. காந்தி வழக்கறிஞராக இருந்ததும் அங்கேதான். சீனிவாசன் ஊர் திரும்ப ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

திரும்பி வந்து 1923-ல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டு அவர் கொண்டுவந்த தீர்மானத்தை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் ஒடுக்கப்பட்டோர் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம் எதற்கும் மற்றவர்களைப் போலவே போகலாம். இதை அரசாங்கம் ஏற்று 1924 செப்டம்பரில் ஆணை போட்டது. தெருவில் நடப்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது. அந்தத் தெருவிலேயே வீடு பிடித்துக் குடியிருப்பது அப்போதைய ஆணைக்குள் வரவில்லை.

1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் சார்பில் போனவர்கள் இருவர். ஒருவர் எழுபதைத் தாண்டிய சீனிவாசன். மற்றவர் நாற்பதுக்கு வராத அம்பேத்கர். இரண்டு பேருக்கும் வீட்டு விஷயத்தில் ஒரே மாதிரி வடு இருந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா அரசின் உத்தியோகத்துக்கு வந்த அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க இடம் கொடுப்பார் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லி, நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்குத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்து அன்று மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. இந்து நண்பர் ஒருவர், கிறிஸ்தவ நண்பர் ஒருவர், இருவரும் கைவிரித்தார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். சீனிவாசன் வீட்டை மறைத்தார், அம்பேத்கர் பெயரை மறைத்தார். வட்டமேசையில் இருவரும் எதையும் மறைக்கவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோது தீண்டாமை என்றால் என்ன என்று அவர் விசாரிக்க, தெருவில் விழுந்து கிடந்தால்கூட மேல்சாதிக்காரர் தூக்கிவிட மாட்டார் என்று சீனிவாசன் விளக்கினார். மன்னர் அதிர்ந்துபோனாராம்.

1932-ல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1936-ல் திவான் பகதூர் பட்டம். 1945 செப்டம்பர் 18-ல் காலமானார். சென்னை ஓட்டேரியில் அடக்கம் செய்யப்பட்டார். 2000-ல் இந்திய அஞ்சல் துறை அவர் படத்துடன் தபால்தலை வெளியிட்டது.

அவர் மறைந்து பத்து ஆண்டு கழித்து 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976 முதல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். அதன் 4-ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரில் யாரையும் எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ விடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை, அதோடு அபராதம். பட்டியல் இனத்தவர் பாதிக்கப்பட்டிருந்தால், தீண்டாமை காரணமாகத்தான் அது நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிராளியின் பொறுப்பு. இது 12-ஆவது பிரிவு. வீடு மறுக்கப்பட்டவர்கள் தேதி, இடம், பேசியது, உடன் இருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதற்கான ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.