மகள் பக்கத்தில் ஒரு கல்லறை

கீழப்பாவூரானாலும் பாரீஸ் நகரமானாலும் பெற்ற மனம் ஒன்றுதான். பிரான்சு நாட்டின் தலைவராக விளங்கிய சார்லஸ் டிகாலின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி.

டிகால் 1890-ம் ஆண்டு பிறந்தார். ராணுவ அதிகாரி ஆனார். ஆறடிக்கு மேல் உயரம். கண்டிப்பானவர். அவரும் மனைவி இவோனும் பக்தி மிகுந்த கத்தோலிக்கர்கள்.

1928-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தில் அவர்களுக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது. பெயர் ஆன். மனவளர்ச்சி குன்றிய குழந்தை. டவுன் சின்ட்ரோம் என்று டாக்டர்கள் இன்று சொல்லும் பிறவிக் குறை அது.

ஆட்டிசமோ வேறு குறையோ, இப்படிப்பட்ட பிள்ளைகளை அந்தக் காலத்துப் பணக்காரர்கள் பலர் விடுதியில் விட்டுவிடுவார்கள். வெளியே சொல்லவும் வெட்கப்படுவார்கள்.

டிகால் தம்பதிகள் அப்படிச் செய்யவில்லை. கடவுள் கொடுத்த பிள்ளை என்று வீட்டிலேயே வளர்த்தார்கள். 1940-ல் ஜெர்மானியப் படை பிரான்சில் புகுந்தது. அப்போது இங்கிலாந்துக்குத் தப்பிச்சென்ற தாயார், ஆனையும் தம்மோடு கூட்டிச் சென்றார்.

வீட்டுக்கு வந்ததும் டிகால் ராணுவ மிடுக்கை மறந்துவிடுவார். மகளை மடியில் வைத்துப் பாடுவார்; கதை சொல்லுவார்.

நமக்குப் பிறகு இவளுக்கு யார் என்ற கவலை அவர்களுக்கும் இருந்தது. ஆதரவு இல்லாத மற்றப் பெண்களையும் நினைத்துப் பார்த்தார்கள். உலகப் போருக்குப்பின், மகள் பெயரால் ஓர் இல்லம் தொடங்கினார்கள்.

1948 பிப்ரவரியில் நிமோனியா காய்ச்சலில், தகப்பனார் கைகளிலேயே ஆன் உயிர் நீத்தாள். வயது 20.

டிகால் 1959 முதல் 1969 வரை ஜனாதிபதியாக இருந்தார். 1970-ல் காலமானார். பாரீசில் ஆடம்பர அடக்கம் வேண்டாம் என்று முன்பே எழுதி வைத்திருந்தார்.

கொலம்பே என்ற சிறு கிராமத்தில், ஆன் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.