வாங்கில் தொடங்கிய சமத்துவம்

யாழ்ப்பாணப் பாடசாலைகளில் ஒரு காலத்தில் வாங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானதாக இருக்கவில்லை. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்தார்கள். சில பாடசாலைகளின் கதவு அவர்களுக்குத் திறக்கவே இல்லை. இந்த அநீதியை எதிர்த்து உழைத்த ஆசான்களுள் முதன்மையானவர் ஹன்டி பேரின்பநாயகம். எமது கல்லூரியின் சமூக சேவை நாளில் அவரது வாழ்வைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அதற்காக வாசித்து அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

1899 இல் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்று, அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1924 இல் மாணவர் காங்கிரஸ் என்ற அமைப்பு உருவாவதற்கு முன்னின்றார். பின்னர் அதுவே யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. நாட்டு விடுதலை, தாய்மொழிக் கல்வி, இன ஒற்றுமை, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை அதன் இலட்சியங்கள். மேடையில் தீர்மானம் நிறைவேற்றுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சாதி பாராமல் ஒன்றாக இருந்து உணவருந்தும் சமபந்தியையும் நடத்தினார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது இவர்களுடைய அழைப்பின் பேரில்தான்.

உதவி பெறும் பாடசாலைகளில் எல்லா மாணவருக்கும் சம ஆசனம் வழங்க வேண்டும் என்று 1930 ஆம் ஆண்டையொட்டி அரசு வற்புறுத்தியபோது, எதிர்ப்பு வெடித்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாகின. அந்த நேரத்திலும் இளைஞர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கமே நின்றது. ஒரு பிள்ளை வாங்கில் அமர்வதைப் பொறுக்க முடியாமல் பாடசாலையையே எரிக்கும் அளவுக்கு மனிதர் மனம் இறுகியிருந்தது என்பதை வாசித்தபோது நான் திகைத்துப்போனேன்.

அவரது வாழ்வில் என்னைக் கேள்வி கேட்க வைத்த இடமும் ஒன்றுண்டு. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைத் தந்தது. ஆனால் பூரண சுயராச்சியம் கிடைக்கவில்லை என்று இளைஞர் காங்கிரஸ் அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. முதன்முறையாக வாக்குரிமை பெற்ற ஏழை எளியவர்களும் அந்த வாய்ப்பை அப்போது இழந்தார்கள். நல்ல நோக்கம் உள்ளவர்களும் தம் முடிவு யாரைப் பாதிக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை நான் இதிலிருந்து கற்றேன்.

பிற்காலத்தில் அவர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றினார். கிறிஸ்தவப் பின்னணியில் வந்த ஒருவரை இந்துக் கல்லூரி ஒன்று தலைவராக ஏற்றுக்கொண்டது. மதத்தைக் கடந்து அவர் பெற்றிருந்த நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 1977 இல் அவர் காலமானார்.

சேவை நாளன்று வேலணையிலிருந்து வாணர் பாலத்தைக் கடந்து, புங்குடுதீவின் இறுப்பிட்டிக்குச் சென்றோம். நன்னீர் அருமையான அந்தத் தீவில் ஒரு கிணற்றடியைத் துப்புரவு செய்தோம். பகல் உணவை ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து சஹனில் உண்டோம். எமக்குச் சஹனைச் சுற்றி இருந்து உண்பது சிறுவயது முதலே பழக்கம். அதனால் அதன் அருமை எமக்குத் தெரிவதில்லை. ஒன்றாக இருந்து உண்பதற்காகவே நூறு ஆண்டுகளுக்கு முன் சிலர் ஊராரின் பகையைத் தேடிக்கொண்டார்கள் என்று பிற்பகல் செயலமர்வில் நான் சொன்னபோது சபை அமைதியானது.

அச்செயலமர்வில் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி தரப்பட்டது. என் அருகில் இருக்க யாருக்கு நான் இடம் விடுவதில்லை? இக்கேள்வி மாணவிகளுக்கு மட்டும் உரியதன்று, பெற்றோருக்கும் உரியது. யாரோடு சேர வேண்டும், யாரோடு சேரக் கூடாது என்பதைப் பிள்ளைகள் முதலில் வீட்டில்தான் கற்கிறார்கள். இன்று எவரும் பாடசாலையைக் கொளுத்துவதில்லை. ஆனால் வறுமை, ஊர், பேச்சு வழக்கு, உடற்குறைபாடு என்று பிரித்துப் பார்க்கும் பார்வை இன்னும் இருக்கிறது. பேரின்பநாயகம் ஒரு வாங்கில் இடம் கேட்டுத் தொடங்கினார். நாமும் நமது வகுப்பில் உள்ள வாங்கிலிருந்தே தொடங்கலாம்.